ரோமர் காலப் பிரிட்டனின் நாட்டுப்புறம்: மொசைக் தரைக்கு வெளியே உள்ளதை எப்படிப் படிப்பது?

மண்ணடுக்கு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் ரட்லண்ட் வட்டாரத்தில், கெட்டன் என்னும் ஊருக்கு அருகே, 2020ஆம் ஆண்டு ஊரடங்கு நாள்களில் ஒரு விவசாயக் குடும்பத்தார் தங்கள் கோதுமை வயலில் நடந்து சென்றபோது, பயிருக்கு நடுவே வழக்கத்துக்கு மாறான பானை ஓடுகள் கிடப்பதைக் கண்டார்கள். அங்கே லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழு தோண்டியதில், ரோமர் காலப் பெருவீடு ஒன்றின், ஏறத்தாழ 11 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட, சிறு வண்ணக் கற்களால் படம் பதித்த மொசைக் தரை வெளிப்பட்டது. டிராய்ப் போரில் அக்கிலீஸும் ஹெக்டரும் பொருதுவது, ஹெக்டரின் உடலைத் தேரில் கட்டி இழுத்துச் செல்வது, மகனின் உடலுக்கு ஈடாகப் பிரியம் மன்னன் பொன்னை நிறுத்துக் கொடுப்பது என மூன்று காட்சிகள் அதில் உள்ளன. 2021 நவம்பரில் செய்தி வெளியானதும் உலகெங்கும் அந்தப் படமே பரவியது.

அந்தப் படத்தைப் பார்த்து நானும் நெகிழ்ந்தேன். ஆனால் என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது அதே அறிவிப்பில் இருந்த வேறொரு வரி. தோண்டாமலே மண்ணடியில் உள்ளதைக் காட்டும் காந்த அளவீட்டு ஆய்வில், அந்த வீட்டைச் சுற்றி நடுத்தூண் வரிசை கொண்ட பெரிய களஞ்சியங்களும், வட்டக் கட்டடங்களும், குளியல் கூடமாக இருக்கக்கூடிய ஒன்றும், இவை அனைத்தையும் வளைத்து எல்லைப் பள்ளங்களும் தெரிந்தன. அந்தக் களஞ்சியத்தில் யார் மூட்டை சுமந்தார்கள், அந்த வட்டக் கட்டடத்தில் யார் படுத்து உறங்கினார்கள் என்பதைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு.

இந்தச் சாய்வு பழையது. பழம்பொருள் ஆய்வாளர் சாமுவேல் லைசன்ஸ் 1793 முதல் 1796 வரை குளோஸ்டர்ஷரின் வுட்செஸ்டரில் தோண்டி, ஏறத்தாழ 15 மீட்டர்ப் பக்கம் கொண்ட சதுரமான, கிரேக்கக் கதைப் பாடகன் ஆர்ஃபியஸின் உருவம் பதித்த தரையை வெளிக்கொணர்ந்தார். 1811இல் சசெக்ஸின் பிக்னரில் ஓர் உழவரின் ஏர் கல்லில் முட்டியதால் வெளிப்பட்ட வில்லாவையும் (ரோமர் காலத்து நாட்டுப்புறப் பண்ணைப் பெருவீடு) அவரே பதிவு செய்தார். அவர் வரைந்த படங்கள் இன்றும் வியக்கத்தக்கவை. அவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆயினும் அந்தக் காலத்தில் தோண்டியவர்கள் பொதுவாகச் சுவரைத் தேடி, சுவரின் ஓரமாகவே பள்ளம் வெட்டிச் சென்றார்கள். தரைக்கு மேல் இருந்த மண், அதாவது அந்த வீடு கைவிடப்பட்ட கதையைச் சொல்லக்கூடிய மண், அள்ளிக் கொட்டப்பட்டது. அதனால் எத்தனையோ வில்லாக்களின் தரைக் கோலம் நமக்குத் தெரிகிறது. அங்கே என்ன சமைத்தார்கள் என்பதும், கடைசியாக வாழ்ந்தவர் எப்போது கிளம்பினார் என்பதும் தெரிவதில்லை.

என் கருத்து இதுதான்: வில்லாவை அதன் வயலோடும் களத்தோடும் ஆட்களோடும் சேர்த்து ஒரே அலகாகப் படிக்க வேண்டும். வீட்டை மட்டும் படிப்பது, ஊரைப் பற்றி எழுதப் புகுந்து பண்ணையாரின் கூடத்தை மட்டும் வர்ணிப்பதற்கு ஒப்பாகும். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

ஓட்டுச்சில்லு

நல்ல தொடக்கம். அடிப்படையில் உடன்படுகிறேன், ஆனால் இந்த வாதம் சற்று தூரம் போனால் வில்லாக்களைத் தோண்டுவதே வீண் என்னும் முடிவுக்கு வந்துவிடுவார்கள் என்ற அச்சம் எனக்கு உண்டு. அதனால் மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

குளோஸ்டர்ஷரின் செட்வொர்த் வில்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1864இல் கண்டுபிடிக்கப்பட்டு, 1924 முதல் நேஷனல் டிரஸ்ட் என்னும் மரபுப் பாதுகாப்பு அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. பழைய தோண்டல்களால் அலைக்கழிக்கப்பட்ட இடம். இனி அங்கே புதிதாக அறிய ஒன்றுமில்லை என்று பலரும் நினைத்திருப்பார்கள். ஆனால் ஓர் அறையை இரண்டாகப் பிரிப்பதற்காகப் பின்னாளில் எழுப்பிய சுவர் ஒன்றின் அடித்தளக் குழியில் சிறிதளவு கரியும் எலும்பும் கிடைத்தன. அவற்றைக் கதிரியக்கக் கார்பன் முறையில் காலம் கணித்தபோது, அந்தச் சுவர் கி.பி. 424க்கு முந்தியதாக இருக்க முடியாது என்று தெரிந்தது. அந்தச் சுவர் எழுந்த பிறகே, அதை ஒட்டி மொசைக் தரை பதிக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் அந்தத் தரை ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. 2020இல் இது அறிவிக்கப்பட்டது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். ரோமர் ஆட்சி ஏறத்தாழ 410இல் முடிந்தது என்றும், நகரங்கள் தேய்ந்தன, புதிய காசு வரவில்லை, கைவினைஞர்கள் சிதறினார்கள் என்றும் எல்லா நூல்களும் எழுதுகின்றன. அப்படிப்பட்ட காலத்தில் ஒருவர் தம் வீட்டில் புதிதாக மொசைக் பதிக்க ஆள் வைத்திருக்கிறார். வேலைத்தரம் நான்காம் நூற்றாண்டுத் தரைகளை விடத் தாழ்ந்ததுதான், கோடுகள் தடுமாறுகின்றன. ஆனாலும் கல்லைச் சதுரமாக உடைக்கத் தெரிந்தவர் ஒருவரும், அதற்குக் கூலி கொடுக்க முடிந்தவர் ஒருவரும் அந்தப் பள்ளத்தாக்கில் அப்போதும் இருந்திருக்கிறார்கள். ஒரு கைப்பிடிக் கரி ஒரு நூற்றாண்டின் வரலாற்றை மாற்றி எழுத வைத்தது.

சசெக்ஸின் ஃபிஷ்போர்னும் அப்படித்தான். 1960இல் தண்ணீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டியபோது தட்டுப்பட்ட இடம். பாரி கன்லிஃப் தலைமையில் நடந்த அகழாய்வில், கி.பி. 75ஐ ஒட்டிக் கட்டப்பட்டு ஏறத்தாழ 270இல் தீக்கிரையான ஒரு பெரும் அரண்மனை வெளிப்பட்டது. அங்கே எனக்குப் பிடித்தது டால்ஃபின் மேல் அமர்ந்த குழந்தைத் தெய்வத்தின் தரையைக் காட்டிலும் நடுத்தோட்டம். செடிவேலி நடுவதற்காக வெட்டி, வளமான மண்ணிட்டு நிரப்பிய குறுகிய பள்ளங்கள், சுற்றியிருந்த சரளையிலிருந்து நிறம் வேறுபட்டு அப்படியே தெரிந்தன. அந்தத் தடத்தின் மேலேயே இப்போது மீண்டும் செடிகளை நட்டிருக்கிறார்கள். கவனமாகத் தோண்டினால் வில்லாவும் மண்ணின் கதையைச் சொல்லும்.

களத்துமேடு

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் சில ஆண்டுகள் அகழாய்வுக் கூலியாளாக வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எங்கள் வேலையில் மொசைக் என்பது அபூர்வத்திலும் அபூர்வம். நாங்கள் பெரும்பாலும் தோண்டியது பள்ளங்களை. வெளிர்நிறக் களிமண்ணில் கறுப்பாக ஒரு பட்டை தெரியும். அதன் குறுக்கே ஒரு மீட்டருக்கு வெட்டி, பக்கவாட்டை மண்வெட்டியால் மழித்து, அடுக்குகளை வரைவோம். அடியில் நீர் தேங்கிய சாம்பல்நிற வண்டல். அதற்கு மேல் சரிந்த மண். அதற்கும் மேல் வேண்டுமென்றே கொட்டிய அடுப்புச் சாம்பலும் எலும்பும் உடைந்த சட்டிகளும். பிறகு அந்தப் பள்ளத்தைத் திரும்ப வெட்டி ஆழப்படுத்தியிருப்பார்கள். அந்தப் புதிய வெட்டும் தனிக்கோடாகத் தெரியும். ஒரு குடும்பம் மூன்று நான்கு தலைமுறையாகத் தன் வரப்பைப் பேணி வந்ததை அந்த ஒரு மீட்டர் வெட்டில் காணலாம்.

இத்தகைய இடங்கள் ஆயிரக்கணக்கில் தோண்டப்பட்டதற்கு 1990இல் வந்த ஓர் அரசு வழிகாட்டுதல் காரணம். கட்டுமானத்தால் தொல்லெச்சம் அழியும் என்றால், அதைப் பதிவு செய்யும் செலவைக் கட்டுமானக்காரரே ஏற்க வேண்டும் என்ற நடைமுறை அதனால் இங்கிலாந்தில் ஊன்றியது. அதுவரை தொல்லியலர் தாமாகத் தேடிச் செல்லாத சாதாரண வயல்களெல்லாம், சாலைக்காகவும் வீட்டுமனைக்காகவும் சரளைக் குவாரிக்காகவும் திறக்கப்பட்டன. வில்லாவைத் தேடிப் போனால் வில்லா கிடைக்கும். சாலை போகும் வழியில் தோண்டினால் நாட்டுப்புறத்தில் உண்மையில் இருந்தவை கிடைக்கும். இந்த வேறுபாடே ஆய்வின் போக்கை மாற்றியது.

ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டும். நான் பணியாற்றிய ஓர் இடத்தில், இரண்டு குளிர்காலம் முழுக்க முழங்கால் சேற்றில் நின்று ஒரு முழுப் பண்ணைக் குடியிருப்பைப் பதிவு செய்தோம். அதன் அறிக்கை சில படிகள் மட்டும் அச்சாகி அலமாரிக்குப் போய்விட்டது. எங்கள் குழுவில் இருந்தவர்களிலேயே பலர் அதைப் பார்த்ததில்லை. இப்படி முடங்கிக் கிடந்த அறிக்கைகளைத் திரட்டியதுதான் ரெடிங் பல்கலைக்கழகமும் காட்ஸ்வோல்ட் ஆர்க்கியாலஜி நிறுவனமும் சேர்ந்து நடத்திய கிராமப்புறக் குடியிருப்புத் திட்டம். 2,500க்கும் மேற்பட்ட குடியிருப்புகளின் தரவைத் தொகுத்து, 2016 முதல் 2018 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். தரவு முழுவதும் இணையத்தில் இலவசமாகவும் இருக்கிறது. அதைப் பார்த்தால் வில்லாக்கள் எவ்வளவு சிறுபான்மை என்பது கண்கூடாகத் தெரிகிறது. மிகப் பெரும்பாலான மக்கள் மரத்தாலும் மண்ணாலும் கட்டிய பண்ணைக் குடியிருப்புகளிலும் சாலையோர ஊர்களிலும் வாழ்ந்தார்கள். கி.பி. 43இல் ரோமர் படையெடுப்பு நடந்து இரண்டு மூன்று தலைமுறை கடந்த பிறகும் வட்டக் குடிசைகள் பல பகுதிகளில் தொடர்ந்து கட்டப்பட்டன.

வயல்நண்டு

ஒரு சிறிய கேள்வி. வில்லாக்கள் வரைபடத்தில் தெற்கிலும் நடுப்பகுதியிலும் குவிந்திருப்பதையும், வேல்ஸ் மலைகளிலும் வடக்கிலும் ஏறத்தாழ இல்லாததையும் பார்க்கிறேன். அங்கே தேடாததால் கிடைக்கவில்லையா, அல்லது உண்மையிலேயே இல்லையா?

களத்துமேடு

இரண்டும் கலந்தது. வானிலிருந்து பார்த்தால் புதைந்த சுவரின் மேல் பயிர் முன்கூட்டியே வாடி மஞ்சளாகும், பள்ளத்தின் மேல் பச்சையாகத் தழைக்கும். 2018 கோடையின் வறட்சியில் இப்படி ஏராளமான இடங்கள் புதிதாகத் தெரிந்தன. ஆனால் மலைப்பகுதிப் புல்வெளியில் இந்தத் தடம் எளிதில் விழாது. வேல்ஸின் கெரடிஜியனில் உள்ள அபர்மாகுர் வில்லா 2006இல்தான் வான்படத்தில் தெரியவந்தது. 2010இல் தோண்டத் தொடங்கினார்கள். உள்ளூர்ப் பலகைக்கல்லால் கூரை வேய்ந்த வீடு. எனவே இன்னும் சில கிடைக்கலாம். ஆனாலும் வடக்கிலும் மேற்கிலும் படை முகாம்களின் பிடி நீண்டகாலம் இருந்தது. விளைச்சலின் மிச்சம் நிலவுடைமையாளர் கையில் தங்கி வீடாக மாறும் வாய்ப்பு அங்கே குறைவு. வரைபடத்தின் வெறுமை பெரும்பாலும் உண்மையான வெறுமை என்றே கருதுகிறேன்.

கரிவிதை

தாவர எச்சங்களில் ஆர்வம் கொண்டவள் நான். இந்த இழையில் மண்ணைப் பற்றிப் பேசியதால், அந்த மண்ணைத் தண்ணீரில் அலசினால் என்ன மிதந்து வரும் என்பதைச் சொல்கிறேன்.

ரோமர் காலப் பண்ணைகளில் அடிக்கடி கிடைக்கும் ஓர் அமைப்பு, தானியம் உலர்த்தும் சூளை. தரையில் வெட்டிக் கல் பதித்து, ஒரு முனையில் தீ மூட்டி, வெப்பம் ஒரு நேர்க்குழல் வழியாகச் சென்று மறுமுனையில் இரு பக்கமும் பிரியும்படி, ஆங்கில டீ எழுத்தின் வடிவில் அமைத்திருப்பார்கள். மேலே தளம் போட்டுத் தானியத்தைப் பரப்புவார்கள். நெடுங்காலம் இது மழைநாட்டின் ஈரக் கதிரை உலர்த்துவதற்கு என்றே கருதப்பட்டது. 1970களின் இறுதியில் பீட்டர் ரெனால்ட்ஸ் இப்படி ஒரு சூளையை அப்படியே கட்டிப் பார்த்துச் சோதித்தார். மொத்தத் தானியத்தை உலர்த்துவதற்கு அது அவ்வளவாக உதவவில்லை. முளைகட்டிய தானியத்தை வாட்டி, பீர் காய்ச்சப் பயன்படும் மால்ட் ஆக்குவதற்கே நன்கு பொருந்தியது.

சூளையின் சாம்பலும் இதையே பல இடங்களில் சொல்கிறது. நுண்சல்லடையில் தங்கும் கரித்துகளை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், ஸ்பெல்ட் என்னும் உமி இறுகிய கோதுமையின் உமியடிகள் கொத்துக் கொத்தாகத் தெரியும். அவற்றுக்கிடையே தானியத்தின் முதுகில் ஒரு மெல்லிய பள்ளம் ஓடுவதைக் காணலாம். முளை வெளிவந்து ஓடிய தடம் அது. பக்கத்திலேயே ஒடிந்த முளைகள் கருகிய நூல்போலக் கிடக்கும். நம் வீட்டில் பயறு முளைகட்டியவர்களுக்கு அந்த வடிவம் உடனே பிடிபடும். ஒரு பிடி மணிகள் முளைத்திருந்தால் ஈரத்தில் கெட்டவை எனலாம். பெரும்பாலானவை ஒரே அளவுக்கு முளைத்திருந்தால் யாரோ நாள் எண்ணி முளைக்க வைத்திருக்கிறார்கள் என்று பொருள். கென்ட்டின் நார்த்ஃபிளீட் வில்லாவில் இது பெரிய அளவிலான மால்ட் தொழிலாகவே நடந்தது. தானியத்தை ஊறவைக்கும் தொட்டிகள் அங்கே கிடைத்துள்ளன.

ஆகவே வில்லா என்பது செல்வம் செலவான இடம் மட்டுமன்று, விளைச்சல் பொருளாக மாறிய இடமும் ஆகும். 359இல், பின்னாளில் ரோமப் பேரரசரான ஜூலியன், ரைன் ஆற்று எல்லைப் படைக்குப் பிரிட்டனிலிருந்து கப்பல் கப்பலாகத் தானியம் கொண்டு சென்றதை ஆவணங்கள் சொல்கின்றன. அந்த அளவுக்கு மிச்சம் விளைய, யாரோ கனத்த கலப்பையும் பெரிய மாடும் கொண்டு களிமண் நிலத்தை உழுதிருக்க வேண்டும். மாட்டெலும்பின் அளவு ரோமர் காலத்தில் படிப்படியாகப் பெருகுவதை விலங்கெலும்பு ஆய்வாளர்கள் உறுதி செய்திருக்கிறார்கள்.

நமக்கு நெருக்கமான ஒரு சிறு செய்தியையும் சேர்க்கிறேன். 1992இல் சஃபோக்கின் ஹாக்ஸ்னில் ஒரு வயலில் கிடைத்த புதையலில் நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்கள் இருந்தன. அவற்றில் ஒன்று ஒரு சீமாட்டியின் மார்பளவு உருவில் செய்யப்பட்டது. அடியிலுள்ள தட்டைத் திருப்பினால் மிளகுத்தூள் விழும். நம் மேற்குக் கடற்கரையில் முசிறி போன்ற துறைகளிலிருந்து புறப்பட்ட மிளகின் கடைசி நிறுத்தங்களில் ஒன்று அது. ஆனால் அந்தச் சிமிழை வைத்திருந்தவரின் நிலத்தில் உழுதவர் மிளகைக் கண்டிருப்பாரா என்பது வேறு. சாதாரணப் பண்ணைகளின் கரியில் கொத்தமல்லி விதை எப்போதாவது தட்டுப்படுகிறது. மிளகு தட்டுப்படுவது மிக அரிது.

ஓட்டுச்சில்லு

சூளை பற்றிய விளக்கத்துக்கு நன்றி. அதையொட்டி, எச்சத்திலிருந்து மனிதருக்குத் தாவும்போது எவ்வளவு நிதானம் வேண்டும் என்பதற்கு ஒரு சான்று: பக்கிங்ஹாம்ஷரில் ஹாம்பிள்டனின் யூடன் வில்லா. 1912இல் தோண்டிய ஆல்ஃபிரட் ஹெனேஜ் காக்ஸ், வீட்டு வளாகத்தில் 97 பச்சிளம் குழந்தைகளின் புதைவுகளைப் பதிவு செய்தார். எலும்புகள் பெட்டியில் கிடந்தன. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் அவற்றை எடுத்து அளந்தபோது, தொடையெலும்பின் நீளம் பெரும்பாலும் நிறைமாதப் பிறப்பின் அளவைச் சுற்றியே குவிந்திருந்தது. இயற்கையாக இறந்திருந்தால் அளவுகள் இன்னும் பரவலாக இருக்க வேண்டும் என்பதால், பிறந்தவுடன் கொல்லப்பட்டவை என்ற விளக்கம் முன்வைக்கப்பட்டது. அதற்கு மேலும் ஒரு படி போய், அது விலைமகளிர் இல்லம் என்று செய்தித்தாள்கள் தலைப்பிட்டன.

அளவீட்டை நான் மதிக்கிறேன். அந்தத் தலைப்பை மதிக்க முடியவில்லை. பிறந்து சில நாளில் இறந்த குழந்தைகளைப் பொது இடுகாட்டில் புதைக்காமல் வீட்டை ஒட்டிப் புதைப்பது ரோமர் காலப் பிரிட்டனில் பரவலான வழக்கம். வேறு இடங்களில் பழைய முறையில் தோண்டியவர்கள் சிற்றெலும்புகளைக் கவனிக்காமலே விட்டிருக்கக்கூடும். காக்ஸ் கவனித்தார் என்பதே எண்ணிக்கையின் வேறுபாட்டுக்கு ஒரு பகுதிக் காரணமாக இருக்கலாம். மேலும் அதே வளாகத்தில் தானியச் சூளைகள் பல இருந்தன. அங்கே பெருந்தொகையான ஆட்கள், பெண்கள் உட்பட, வேலை செய்திருக்க வேண்டும். அந்தத் தாய்மார்கள் எந்த நிலையில் உழைத்தார்கள், பிள்ளையை வளர்க்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததா என்ற கேள்விதான் எனக்கு முதன்மையாகப் படுகிறது.

மண்ணடுக்கு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் நன்றி. ஓட்டுச்சில்லு அவர்கள் சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். செட்வொர்த் சான்று, பழைய இடங்களுக்கும் திரும்பப் போக வேண்டும் என்பதை எனக்கு உணர்த்தியது. களத்துமேடு அவர்களின் பள்ளத்தையும் செட்வொர்த்தின் அடித்தளக் குழியையும் ஒரே பொறுமையோடு தோண்டினால் போதும். எது உயர்ந்தது என்ற கேள்விக்கே இடமில்லை.

வீட்டின் திட்டப்படத்திலிருந்தும் ஆட்களைத் தேட முடியும் என்பதை இங்கே யாரும் குறிப்பிடவில்லை. சில வில்லாக்களில் ஒரே மாதிரியான இரண்டு இல்லங்கள் ஒரே முற்றத்தைப் பகிர்ந்துகொண்டு நிற்கின்றன. ஜே. டி. ஸ்மித் என்னும் ஆய்வாளர், இவை ஒரே நிலத்தைப் பிரிக்காமல் ஆண்ட உறவுக் குடும்பங்களின் வீடுகள் என்று வாதிட்டார். பங்காளிகள் ஒரே வளவில் தனித்தனி அடுப்போடு வாழ்வதைக் கண்ட நமக்கு இது இயல்பாகவே தோன்றும். அப்படி இயல்பாகத் தோன்றுவதாலேயே நான் எச்சரிக்கையாக இருக்கிறேன். இரண்டாவது வீடு மேற்பார்வையாளருடையதாகவும் இருக்கலாம், சுவர் அதைச் சொல்லாது. ரோமர் கால நகரான வெரூலமியம் அருகே உள்ள கோரம்பரியில், ரோமர் வருகைக்கு முந்திய இரும்புக் காலப் பண்ணையின் எல்லைப் பள்ளங்களுக்குள்ளேயே முதலில் மரவீடும் பிறகு கல்வீடும் எழுந்தன. அங்கே ஆண்டது படையெடுத்து வந்தவர் அல்லர், பழைய குடியினரின் வழிவந்தவர்களே என்று கொள்ள அந்தத் தொடர்ச்சி இடம் தருகிறது.

ஆனால் உழைத்தவர்களைப் பற்றி நான் கேட்ட கேள்விக்கு, கெட்டன் அமைந்த அதே ரட்லண்டில் ஒரு சான்று இருக்கிறது. 2015இல் கிரேட் காஸ்டர்ட்டன் ஊரில் ஒரு வீட்டின் பின்புறத்தை விரிவுபடுத்த அடித்தளம் வெட்டியபோது மனித எலும்பு தென்பட்டது. முதலில் காவல்துறையினர்தான் வந்தார்கள். அவர்கள் செய்வித்த காலக்கணிப்பு கி.பி. 226க்கும் 427க்கும் இடைப்பட்டது என்று காட்டியது. 2021இல் ஆய்வு வெளியானது. இறந்தவர் 26 முதல் 35 வயதுக்குட்பட்ட ஆண். ஏறத்தாழ 60 மீட்டர் தொலைவில் முறையான ரோமர் காலக் கல்லறைத் தோட்டம் இருந்தும், அவரை ஒரு பள்ளத்தில் இட்டிருந்தார்கள். உடல் சற்று வலப்பக்கம் சாய்ந்து, இடப்பக்கமும் இடக்கையும் பள்ளத்தின் சரிவில் உயர்ந்து கிடந்தது. இரு கணுக்கால்களிலும் இரும்பு விலங்கு. அதில் பூட்டு பூட்டியபடியே இருந்தது.

கெட்டன் தரையை மிதித்தவர்களுக்கும் இவருக்கும் தொடர்பு இருந்ததாக நான் சொல்லவில்லை; அதற்குச் சான்று இல்லை. காலம் மட்டும் ஒத்து வருகிறது. அந்தத் தரை மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இரண்டு இடங்களுக்கும் இடையே நடந்தே சில மணி நேரத்தில் சென்றுவிடலாம். ஒரு தந்தை தன் மகனின் உடலுக்குப் பொன்னை எடைபோட்டுக் கொடுக்கும் காட்சியைத் தரையில் பதித்துப் போற்றிய அதே சிறு நிலப்பகுதியில், ஒருவரைப் புதைக்கும்போது காலில் இருந்த பூட்டைக்கூட யாரும் திறக்கவில்லை.